துரைக்கு வாய்த்த நடை

உலகத்தில் விழுகிறவர்கள் ஏராளம். பிறரை விழ வைக்கிறவர்கள் அதைவிட ஏராளம். ஆனால் விழ வைப்பதையே உத்தியோகமாகக் கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கி, யார் வயிற்றெரிச்சலும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் வெகு சிலரே. அந்தச் சிலரில் ஒருவர்தான் நம் குப்புறத்தார்.

இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கார்ட்டூன் குறும்படம் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அவர் படம் வரைபவர். ஒரு கரடியை ஒரு இம்மி நகர்த்தி நகர்த்திப் பல நூறு தடவை வரைந்து, அத்தனையையும் வரிசையாக ஓடவிட்டால் கரடி கையைத் தூக்கித் தலையைச் சொறியும். அந்த வேலை. கதை எதுவானாலும், அதில் கரடியோ காண்டாமிருகமோ குப்புற விழுகிற கட்டம் வந்தால் அது நேராக இவர் மேசைக்கு வந்துவிடும். “இதை அவர்கிட்டக் குடுத்துடுங்க, அந்தக் குப்புற விழுற ஆளு” என்று யாரோ சொன்னது சுருங்கிச் சுருங்கி, மரியாதையும் சேர்ந்து, குப்புறத்தார் என்று நின்றுவிட்டது. வாசல் காவலாளி உட்பட அனைவரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

விழுவதைப் பற்றி அவருக்குத் திடமான கொள்கை ஒன்று இருந்தது. “விழுறதுல சிரிப்பு இல்லைங்க. விழுந்தா அடிபடும், அவ்வளவுதான். விழப்போறோம்னு தெரிஞ்சு, இன்னும் விழாம இருக்கோம் பாருங்க, அங்கதான் இருக்கு சிரிப்பு” என்பார். கால் போய்விட்டது. உடம்பு இன்னும் போகவில்லை. செய்தி காலிலிருந்து முகத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த இடைவெளியை அவர் யாரும் துணியாத அளவுக்கு இழுப்பார். முகத்துக்குச் செய்தி வந்து, முகம் அதை நம்ப மறுத்து, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு அசட்டுச் சிரிப்பும் சிரித்து முடித்த பிறகுதான் உடம்புக்கு விழ அனுமதி.

இந்த முகங்களுக்காக அவர் மேசையில் ஒரு சின்ன முகக்கண்ணாடி இருந்தது. இந்தத் தொழிலில் எல்லார் மேசையிலும் அது இருக்கும். விவரம் தெரியாதவர்கள் அழகு பார்க்க என்று நினைப்பார்கள். குப்புறத்தாரின் முகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. அவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண்ணை உருட்டுவார், கன்னத்தை உள்ளே இழுப்பார், எச்சில் விழுங்குவார், விழுங்கியதை நிறுத்தி மறுபடி விழுங்குவார். பிறகு அப்படியே வரைவார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு தடவை அதைக் கண்டு, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றிவிட்டார்.

முகம் கண்ணாடியில் கிடைக்கும். நடை கிடைக்காது. நடையைத் திருடத்தான் வேண்டும். தெருவில் யாராவது விசேஷமாக நடந்துபோனால் குப்புறத்தாரின் கால்கள் தாமாக அவர் பின்னால் போகும். இந்தத் திருட்டில் ஒரு பெரிய சௌகரியம், பொருளைப் பறிகொடுத்தவருக்கு அது காணாமல் போனதே தெரியாது. தன்னைப் பின்னாலிருந்து பார்த்தவர் யார்? உலகத்தில் எல்லாருடைய நடையும் எல்லாருக்கும் தெரியும், அவரவர் நடை மட்டும் அவரவருக்குத் தெரியாது. இந்தச் சௌகரியத்தை நம்பி அவர் பல வருஷம் நிம்மதியாகத் திருடி வாழ்ந்தார்.

அவர் பிடிபட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் நடையால் அல்ல, ஒட்டகத்தால்.

அவர் மனைவிக்கு ஒரே அண்ணன். எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய், தராசு ஒழுங்காக இருக்கிறதா, படிக்கல்லில் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற உத்தியோகம். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தராசிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள். அவர் ஓய்வுபெற்ற அன்று உறவுக்காரர்கள் நீளமான மேசையில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். அண்ணன் மேசையின் தலைமாட்டில். குப்புறத்தார் கால்மாட்டில், கையில் பேனா, எதிரில் கை துடைக்கும் காகிதம். பேச்சுகள் நீண்டன. கை சும்மா இருக்கவில்லை. கழுத்தில் தராசு தொங்க, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு ஒட்டகம் உருவாயிற்று. பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் காட்டினார். அவர் தன் பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் காட்டினார். இப்படி ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டும் காட்டக் காட்ட, காகிதம் மேசையோரமாகவே பயணம் செய்து, தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆய்வாளர் ஒட்டகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, மேசையின் மறுகோடியில் இருந்த குப்புறத்தாரைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சாப்பிடுங்க” என்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

குப்புறத்தாரின் மனைவி அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சிரிப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் எந்தக் கட்டம் வரைந்தாலும் அதற்கு முதல் ரசிகை அவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஜனங்களின் காது, மூக்கு, கண்ணுக்கு நடுவில் உள்ள தூரம் எல்லாம் அளக்கிறவர். அவர் சிரித்துவிட்டால் அந்தக் கட்டம் எங்கேயும் செல்லும். ஒட்டகத்துக்குப் பிறகு எதைக் காட்டினாலும், “நல்லாயிருக்கு” என்பார். ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு டாக்டர் சொல்கிற “நல்லாயிருக்கு.” குப்புறத்தாரின் விழுகைகளுக்குப் படவிழாக்களில் பரிசு வந்தது. வீட்டில் வரவில்லை.

இப்படிக் காலம் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் மனைவி வேலைவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “அண்ணா வந்தார்” என்றார்.

“எங்க?”

“கடைக்கு. கண்ணாடிக் கால் உடைஞ்சுபோச்சாம். இந்த ஊர்ல எத்தனை கண்ணாடிக்கடை இருக்கு. அவர் வீட்டுக்குக் கீழேயே ஒண்ணு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு பஸ் பிடிச்சு எங்க கடைக்கு வந்து, ‘இதைச் சரி பண்ண முடியுமா பாப்பா’ன்னார்.”

மனைவி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

“ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வரச் சொல்லியிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை உங்க சூப் படம் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுறீங்க இல்ல, அதுக்கும் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னுட்டார். உங்க படத்தாலதான் உறவு போச்சு. உங்க படத்தாலயே திரும்பி வரட்டும்.”

சூப் படம் என்பது ஸ்டுடியோவில் அப்போது முடியும் தறுவாயில் இருந்த படம். அதன் நாயகன் ஒரு வான்கோழி. பெரிய உணவு விடுதியில் மூத்த சர்வர். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு சூப் சிந்தியதில்லை என்பது அவன் கர்வம். ஒரு கிண்ணம் சூப்பைச் சமையலறையிலிருந்து கடைக்கோடி மேசைவரை கொண்டுபோவதுதான் முழுக்கதை. வழியில் பந்து உருளும், பூனை குறுக்கே வரும், தரை ஈரமாயிருக்கும். எதையும் குனிந்து பாராமல் எல்லாவற்றையும் தாண்டிப்போவான். அவன் நடக்கிற தோரணையைப் பார்த்து ஸ்டுடியோவில் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நடை படத்தின் உயிர். அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் குப்புறத்தார், “தெரியல, கையில வந்துச்சு” என்பார். பொய் இல்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடித்தது. மனைவி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கூடத்தில் டீக் கோப்பைகளைத் தட்டில் ஏந்தி நின்ற குப்புறத்தார், நடைவழியின் மறுகோடியிலிருந்து ஆய்வாளர் வருவதைக் கண்டார்.

முதலில் மார்பு வந்தது. அது தனியாகவே கொஞ்ச தூரம் வந்தது. பிறகு முகவாய். ஒரு கை முதுகுக்குப் பின்னால் ஓய்வெடுத்துக்கொண்டு வந்தது. கால்கள் கடைசியில், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அதிகாரியின் பின்னால் வரும் சிப்பந்திகளைப்போல வந்தன. நாலு அடிக்கு ஒரு தடவை வலது கால் தரையில் வைக்கப்படாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. தரை சரியான எடையில் இருக்கிறதா என்று சோதிப்பதுபோல. சோதனையில் தரை தேறிய பிறகுதான் கால் இறங்கியது.

துரை வந்துகொண்டிருந்தான். கிண்ணமும் சூப்பும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கை திருடிவிட்டு மூளைக்குச் செய்தியே சொல்லவில்லை. அந்த விருந்துக்கு முன்னால் எத்தனை வருஷம் இந்த நடை இந்தக் கூடத்துக்குள் வந்து போயிருக்கும். பேச்சுதான் நின்றது. கை எதையும் மறக்கவில்லை.

“வாங்க மச்சான்” என்று குப்புறத்தார் தட்டை நீட்டினார்.

“ம்” என்று ஆய்வாளர் உட்கார்ந்தார். டீயைப் பாதி குடித்தார். அப்புறம், கோப்பையைப் பார்த்தபடியே, “இப்ப என்ன மிருகம் வரையறீங்க?” என்றார்.

“வான்கோழி.”

“ஓ. பறவைக்கு மாறிட்டீங்க.”

அவர் போனதும் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். “என்னங்க. அந்த வான்கோழி யாரை மாதிரியும் இல்லையே?”

“வான்கோழி மாதிரிதான் இருக்கும்.”

“எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். முதல் தடவை எழுந்து போனார், திரும்பி வர்றதுக்கு ஒரு கண்ணாடிக் கால் உடைய வேண்டியிருந்தது. இன்னொரு தடவை எழுந்து போனா எது உடைஞ்சாலும் வர மாட்டார். நானும் கூப்பிட மாட்டேன். உங்ககிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லாமலே இருந்துடுவேன்.”

திட்டியிருந்தால் தேவலை. நல்லாயிருக்கு என்ற ஒற்றை வார்த்தையோடு மிச்ச ஆயுளையும் ஓட்டுவதைக் குப்புறத்தார் நினைத்துப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் ஸ்டுடியோவுக்குப் போய், துரையின் நடையைத் திருத்த உட்கார்ந்தார். மார்பை உள்ளே தள்ளினார். முகவாயை இறக்கினார். முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தரத்தில் நிற்கும் காலை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தரையில் வைத்தார். ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு வான்கோழி சூப் கொண்டு போயிற்று. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கவும் ஒன்றுமில்லை.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டமானாலும் முதலில் கணக்கருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கணக்கர் சிரிக்கத் தெரியாதவர். படங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமும் கிடையாது. ஆனால் உண்மையான வேடிக்கை கண்ணில் பட்டால், முகம் அப்படியே இருக்க, அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கும். டைரக்டரம்மா திரையைப் பார்க்கமாட்டார். பின்னால் நின்று தோள்களைத்தான் பார்ப்பார். தோள் ஆடினால் கட்டம் தேறியது. ஆடாவிட்டால் குப்பைக்கூடை. படித்த விமர்சகர்கள் சொல்வதற்கெல்லாம் அங்கே மேல்முறையீடு உண்டு, கணக்கரின் தோளுக்கு இல்லை.

புது நடை ஓடியது. தோள்கள் சுவரில் அடித்த ஆணிபோல் நின்றன. கணக்கர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இது யாரு? துரை லீவா?” என்றார்.

டைரக்டரம்மா கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வயதில் குப்புறத்தாரைவிடச் சின்னவர், அதனால் கோபம் வந்தால் மரியாதை கூடும். “சார், துரை நடையில கை வச்சீங்களா?”

“வான்கோழிக்கு முட்டி அப்படி மடங்காது மேடம். நேத்துதான் படிச்சேன்.”

“வான்கோழி சூப்பும் தூக்காது சார்.”

“இல்ல, கொஞ்சம் ஓவரா இருக்கோன்னு...”

“உலகத்துல யாருமே அப்படி நடக்க மாட்டாங்க, ஆனா பார்த்தா யாரோ ஒருத்தர் நடக்கிறாங்கன்னு தோணுது. அதுதான் சார் அந்த நடை. இருபது வருஷம் கழிச்சு நீங்க செஞ்சதுலயே நல்லதுன்னு அதைத்தான் சொல்வாங்க. பழசைத் திரும்பப் போடுங்க. இனிமே யாரும் துரையைத் தொடக் கூடாது.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்டுடியோ முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்தால் வெள்ளிக்கிழமை அத்தனை பேரும் ஆய்வாளரின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குப்புறத்தார் வாயை மூடிக்கொண்டார். பழைய நடை திரும்பிவந்தது. தோள்கள் குலுங்கின.

செவ்வாய்க்கிழமை வீட்டில், “படம் ஒண்ணும் சரியா வரல. மச்சானை அடுத்த படத்துக்குக் கூப்பிட்டுக்கலாமே” என்று பார்த்தார்.

“அண்ணா புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்கார்” என்றார் மனைவி. அதற்கு மேல் பேச இடமில்லை. ஓய்வுபெற்றதிலிருந்து அவர் புதுச் சட்டை போட்டதே இல்லையாம்.

புதன்கிழமை ஆய்வாளருக்கே போன் போட்டு, காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு ஒத்திகை வேண்டும். மேசைக் கண்ணாடி முன் உட்கார்ந்து, “மச்சான், ஒரு விஷயம்...” என்று தொடங்கினார். கண்ணாடிக்குள் கண்கள் விரிந்தன, தொண்டை ஏறி இறங்கியது, உதட்டோரத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று எட்டிப்பார்த்தது. அந்த நிலைமையிலும் அவருக்குள் இருந்த தொழிலாளி, இந்த முகம் அருமையாக இருக்கிறதே என்று குறித்துக்கொண்டான். மனிதர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் காய்ச்சல் என்று படுத்தார். மனைவி நெற்றியில் கை வைத்தார். “ஜில்லுனு இருக்கு. எழுந்து சட்டையை மாத்துங்க.”

படம் போடுகிற கூடம் சின்னது. நடுவில் ஒரு நீண்ட வழி, இரண்டு பக்கமும் நாற்காலிகள். மாலை வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிற பொறுப்பை, ஏதோ ஒரு பாவத்துக்காக, கணக்கருக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கணக்கருக்கு ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டு நடுவழியில் இறங்கினார். மார்பு போயிற்று. முகவாய் போயிற்று. சிப்பந்திகள் பின்தொடர்ந்தார்கள். நாலாவது அடியில் வலது கால் அந்தரத்தில் நின்று, கூடத்துத் தரையைச் சோதித்தது.

குப்புறத்தார் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஆய்வாளரின் முதுகுக்குப் பின்னால், வாசலில், கணக்கரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்திருந்தன. முகத்தில் ஒன்றுமில்லை. மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டார். கதவும் குலுங்கியது.

அந்தத் தோளைப் பார்த்தே பழகியவர் டைரக்டரம்மா. படம் ஆரம்பிக்கும் முன்பே தோள் ஆடுவதைக் கண்டு, காரணத்தைத் தேடி அவர் கண்கள் நடுவழியில் ஓடின. ஆய்வாளரின் காலில் வந்து நின்றன. அங்கிருந்து மெதுவாகக் குப்புறத்தாரின் முகத்துக்கு வந்தன. சத்தமில்லாமல் உதடுகள் மட்டும் அசைந்தன. முட்டி.

குப்புறத்தார் கண்ணாலேயே கெஞ்சினார். பலனில்லை. அந்த அம்மாள் நேராக வந்துவிட்டார். “சார், அறிமுகப்படுத்தி வைக்க மாட்டீங்களா?”

“இவங்க அண்ணன்” என்றார் குப்புறத்தார், மனைவியைக் காட்டி.

“உங்களை எங்கயோ பார்த்த மாதிரியே இருக்குங்க.”

“ஊர்ல பாதிப் பேர் அப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார் ஆய்வாளர். “உங்க வீட்ல யாராவது கடை வச்சிருந்தாங்களா?”

டைரக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் கணவன், நடுவில் மனைவி என்று உட்கார்ந்தார்கள். ஜன்னல்களுக்குத் திரை இழுத்தார்கள். விளக்கு அணைந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. துரையின் மார்பு வெளியே வந்தது. பின்னால் எங்கோ ஒரு சிரிப்பு. முகவாய் வந்தது. கால் அந்தரத்தில் நின்றது, கிண்ணத்தில் சூப் ஓரம்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப்போயிற்று, கூடம் கொல்லென்றது. குப்புறத்தார் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் மனைவியைத் தாண்டி மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் வெளிச்சம் அந்த மூக்குக்கண்ணாடியில் மட்டும் அசைந்தது. முகம் அசையவில்லை. பந்து உருண்டது. பூனை வந்தது. ஒவ்வொரு தடவை கால் தூக்கி நிற்கும்போதும் கூடம் சிரித்தது. ஒவ்வொரு தடவையும் குப்புறத்தார் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்தார். மனைவியும் சிரிக்கவில்லை. அவர் கை மடியில் இருந்த பையை இறுகப் பிடித்திருந்தது.

துரை கடைக்கோடி மேசைக்கு வந்து சேர்ந்தான். ஒரு சொட்டு சிந்தாமல் கிண்ணத்தை வைத்தான். குனிந்து வணங்கினான். வெற்றியோடு திரும்பினான். திரும்புகையில் அவனுடைய சொந்த ஏப்ரன் நாடா அவிழ்ந்து அவன் காலடியிலேயே கிடந்தது. அதன்மேல் இடது கால். அந்தரத்தில் வலது கால்.

கூடம் மூச்சுவிடாமல் இருந்தது. துரையின் முகத்துக்குச் செய்தி வந்தது. கண்கள் விரிந்தன. தொண்டையில் எதுவோ ஏறியது, இறங்க மறுத்து நின்றது. ஓரக்கண்ணால், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். உதட்டோரத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. அவன் இன்னும் விழவில்லை, இன்னும் விழவில்லை.

அப்போது ஆய்வாளரிடமிருந்து குக்கர் விசில் அடிப்பதற்கு முந்திய சத்தம் ஒன்று வந்தது. துரை மேசைவிரிப்பைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான், சூப் அவன் தலையில் கவிழ்ந்தது, கூடம் அதிர்ந்தது. அத்தனை சத்தத்துக்கும் மேலாக ஆய்வாளர் சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கு போட்ட பிறகும் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புதுச் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாப்பா, பார்த்தியா?”

“என்னண்ணா?” என்றார் மனைவி.

“அது யாருன்னு தெரியலையா உனக்கு?”

குப்புறத்தார் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டார். இதோ எழுந்து போகப்போகிறார். இதோ கதவுவரை அந்த நடை. இதோ மிச்ச ஆயுள்.

“மாப்பிள்ளை” என்றார் ஆய்வாளர். “நம்ம மாப்பிள்ளையேதான். அந்த முழி, அந்தத் தொண்டை, அந்தப் பல்லு. அன்னிக்கு அந்தக் காகிதம் கைமாறிக் கைமாறி என்கிட்ட வந்துச்சு இல்ல, நான் நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு அந்தக் கோடியில உக்காந்து இதே முழி முழிச்சார். வாயில இருந்ததை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நடுவுல ஒரு சிரிப்பு வேற. எனக்கு முதல்ல வந்தது சிரிப்புதான். ஆனா அத்தனை பேர் பார்க்கறாங்க, கோபம்னு முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணின அப்புறம் எப்படிச் சிரிக்கறது?”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா.”

“யார்கிட்டச் சொல்றது? உன்கிட்டச் சொன்னாத்தான் புரியும். உன்கூடத்தான் பேச்சே இல்லையே. இத்தனை வருஷமா உள்ளேயே வச்சிக்கிட்டிருந்தேன்.” மறுபடி கண்ணைத் துடைத்தார். “அந்த ஒட்டகம் என்னை மாதிரி இல்லவே இல்ல, அது வேற விஷயம். மாப்பிள்ளை, உங்க மூஞ்சியை நீங்களே இப்படிப் போட்டு உடைச்சிருக்கீங்களே, அதுக்கு ஒரு தைரியம் வேணும்.”

குப்புறத்தாருக்கு அப்போதுதான் உறைத்தது. நடைக்காகவே ஒரு வாரம் செத்துப் பிழைத்தவர், முகத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதை யோசிக்கவே இல்லை. கண்ணாடிக்குள் இருந்த அந்த ஆளைப் பல வருஷமாகப் பார்க்கிறார், தனக்குத் தெரிந்தவர் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க மச்சான்.”

“அந்த நடை. அது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மனுஷன் யாராவது அப்படி நடப்பானா?”

சொல்லிவிட்டு எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நடுவழியில் புறப்பட்டார். மார்பு. முகவாய். முதுகுக்குப் பின்னால் கை. வழியில் நின்றிருந்த ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக, அவசர வேலை நினைவு வந்தவர்கள்போல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கணக்கர் ஜன்னல்திரைக்குள்ளேயே போய்விட்டார். திரை குலுங்கியது.

தங்கையும் மாப்பிள்ளையும் நாலு அடி பின்னால் வந்தார்கள். மனைவி அண்ணனின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் பேசினார்.

“முழி உங்களுது. சரி. நடை?”

குப்புறத்தார் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“சமையலறைக் கதவு திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அந்த ஆறேழு நிமிஷம் நான் பட்ட பாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிச்சிடுவேன், சிரிச்சா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்.”

முன்னால் ஆய்வாளரின் வலது கால் அந்தரத்தில் நின்றது. தரையைச் சோதித்தது. அவ்வளவுதான். மனைவியின் பை நழுவிக் கீழே விழுந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார், பொத்திய கையைத் தாண்டிப் பல வருஷத்துச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்து கூடமெங்கும் கேட்டது.

ஆய்வாளர் காலை இறக்கினார். திரும்பினார்.

“என்ன சிரிப்பு அங்க?” என்றார் குப்புறத்தாரைப் பார்த்து.

குப்புறத்தாரின் கண்கள் விரிந்தன. தொண்டையில் எதுவோ ஏறி, இறங்க மறுத்து நின்றது. ஓரக்கண்ணால் ஒரு பார்வை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. எதிரில் கண்ணாடி இல்லை.

“அதோ, அதோ, பாரு பாப்பா” என்றார் ஆய்வாளர். அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். குப்புறத்தார் அந்த முகத்தை மாற்றாமல், தன் வாழ்நாளிலேயே மிக நீளமாக, அப்படியே நின்றார்.